கால் மூடிய சட்டை

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் காலம் போல வருமா என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். நானும் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். நுளம்புக்கடியும் காய்ச்சலும் மாரிக்கு அறுந்துபோகும் றோட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பெரியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் போல நடந்துகொண்டதும் ஞாபகம் இருக்கிறது. பாதி நேரம் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு மார்கழியை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு அழகாகச் சொல்ல வராது. நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. வன்னியில், கிளிநொச்சிக்குக் கிட்ட முரசுமோட்டையில் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்களுக்கு இருந்தது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். வந்து எத்தனையோ வருடமாகியும், அம்மா ஏதோ இரண்டு நாள் தங்கிப் போக வந்தவர் போலத்தான் அந்த மண்ணில் நடப்பார். வீட்டுக்கு யாராவது வந்தால் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்க வேண்டும். அதற்காக வெள்ளை நூலும் கொக்கி ஊசியுமாகப் பின்னிக்கொண்டே இருப்பார். கதிரை முதுகுகளுக்கு லேஸ். அலுமாரித் தட்டுகளுக்கு லேஸ். தண்ணீர்க் குடத்து மூடிக்கு ஓரத்தில் மணி கோத்த லேஸ். றேடியோவுக்கு முழுச் சட்டையே இருந்தது, முன்பக்கம் தூக்கி மடிக்கிற மாதிரி. என் கையிலும் ஏழு வயதிலேயே ஊசியைத் தந்துவிட்டார். பிழை விட்டால் அதே ஊசியால் முழங்கையில் ஒரு தட்டு.

அந்த வருடம் சின்னம்மா பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். அம்மாவின் ஒரே தங்கை. தாய் இல்லாமல் வளர்ந்தவர்கள் என்பதால் சின்னம்மாவுக்கு எல்லாமே அம்மாதான். சித்தப்பாவுக்குத் திருகோணமலைப் பக்கம் வேலை. லீவு கிடைத்தால்தான் வருவார். சின்னம்மா ஓயாமல் சிரிக்கிற ஆள். நிறைவயிற்றில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு, "பார், மேசையும் கையோடை கொண்டு வந்திட்டன்" என்பார். பிள்ளை உள்ளே உதைத்தால் கோப்பை ஆடும். நான் அதைப் பார்க்கவே பள்ளிக்கூடத்தால் ஓடிவருவேன்.

றேடியோவுக்குச் சட்டை இருந்த அந்த வீட்டில் வரப்போகிற பிள்ளைக்கு ஒரு துண்டுகூடப் பின்னவில்லை. நான் அம்மாவிடம் கேட்டேன்.

"பிறக்க முந்தி ஒண்டும் செய்யக்கூடாது. வாயை மூடிக்கொண்டு போய்ப் படி."

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் சின்னம்மாவின் முதற்பிள்ளைக்கு அம்மா ஏழாம் மாதமே ஒரு வெள்ளைச் சட்டை பின்னி வைத்தார். கழுத்தில் சின்னச் சின்னப் பூ. பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அந்தச் சட்டையோடுதான் மண்ணில் தாட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

இந்தப் பிள்ளை எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்தது. பெண். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவின் செருப்பை விடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அவ்வளவுதான். தோல் வெங்காயத் தோல் மாதிரி. அனுப்பும்போது பிள்ளைப்பேறு பார்த்த மிசி, அம்மாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "சூடு போகவிடாதேங்கோ. காலும் கையும் குளிர்ந்தால் பிள்ளை பால் குடியாது. பால் குடியாட்டி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

வன்னியில் குளிர் ஏது என்று கேட்பவர்கள் மார்கழி விடியலில் வயற்கரை வீட்டில் படுத்ததில்லை. அந்த வருடம் மழையும் விடவில்லை. வாடைக்காற்று மண்சுவருக்கும் கூரைக்கும் இடையில் புகுந்து வீட்டுக்குள் நடமாடும்.

அம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினார். அது அரைமணித்தியாலத்தில் உதைத்துத் தள்ளிவிடும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு உதை எங்கிருந்து வந்ததோ. சேலையில் கட்டிய ஏணைக்குள் துணி ஒரு மூலையில் கிடக்கும், பிள்ளை வேறு மூலையில் வெறும் காலோடு கிடக்கும். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்தார்கள். தக்கை கழன்று ஏணை நனைந்ததுதான் மிச்சம். பிறகு சட்டியில் தணல் போட்டு ஏணைக்குக் கீழே வைத்தார்கள். பிள்ளை இருமத் தொடங்கியது. அப்பா சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார்.

"என்னப்பா, கருவாடே போடுறியள்?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ என்ன செய்ய எண்டு," என்று அம்மா சத்தம் போட்டார். அப்பாவுக்கும் தெரியாது. வயலைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் பதில் தெரியாத நேரமெல்லாம் அப்பாவுக்கு வயலில் வேலை இருக்கும்.

இந்த இடத்தில்தான் மலைநாட்டு அக்கா வருகிறார். எழுபத்தேழில் மலைநாட்டில் அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனங்கள் வாய்க்காலின் மறுகரையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். எங்கள் வயலில் புல்லுப் பிடுங்குவதும் கதிர் வெட்டுவதும் அவர்கள்தான். அந்த அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் வீட்டில் அவரை "அவள்" என்றுதான் சொல்வோம். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். மிகவும் பிந்திய மரியாதை.

அன்றைக்கு மழையால் வேலை நின்று, அவர் குசினி வாசலில் ஒதுங்கி நின்றார். பிள்ளையின் இருமல் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காலு ரெண்டும் நீலமா இருக்குங்கம்மா."

"தெரியும்," என்றார் அம்மா.

"எங்க தோட்டத்துல இப்படிப் புள்ளைங்களுக்குக் கம்பளி நூல்ல பை மாதிரி ஒண்ணு பின்னுவாங்க. கழுத்து இருக்கும், கை இருக்கும், கீழ மூடியிருக்கும். கொழுந்துப் பைக்குள்ள போட்ட மாதிரி. எவ்வளவு ஒதைச்சாலும் உள்ளுக்குள்ளயே ஒதைச்சுக்கிட்டு கெடக்கும். நான் புள்ளக் காம்பராவுல வேலை செஞ்சிருக்கேன்."

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையைத்தான் அப்படிச் சொன்னார்.

"உந்தக் கம்பளி நூலுக்கு நான் எங்கை போறது? கிளிநொச்சிக் கடையிலை சணல்தான் கிடக்கும்," என்றார் அம்மா.

அக்கா மழை விட்டதும் போய்விட்டார். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவருடைய கொட்டிலைக் கடந்து வந்தேன். வாசலில் அரக்கு நிறக் கம்பளிச் சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டு இருந்தார். மலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது அவருடைய தாய் போட்டது. வன்னி வெயிலில் அதை யார் போடுவது? சுருட்டித் தலையணையாக வைத்திருந்தாராம்.

"இன்னைக்கு எதுல தலை வைப்பீங்க?" என்று நானும் அவர் மாதிரியே கேட்டேன்.

"கையில," என்று சிரித்தார்.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு கிடந்தது. அதை நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, நுனியில் செங்கல் துண்டு கட்டி நேராக்கினார். பழைய பற்தூரிகையின் பிடியைத் தேய்த்து முனையில் கொக்கி வெட்டிய ஊசி அவருடையது. என்னுடைய இரும்பு ஊசி அதற்குப் பக்கத்தில் தும்பு மாதிரி. கழுத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கினார். தோளுக்கு வந்ததும் கைக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுப் போனார். மாதிரித் துண்டு இல்லை, அளவு நாடா இல்லை. என் முன்கையைப் பிடித்து, "பாப்பா இவ்வளவு நீளந்தானே?" என்று அளந்தார். மூன்று நாளில் முடிந்துவிட்டது. அடியை மடித்து மூடி, நூலை முடிச்சுப் போட்டார். கழுத்துக்குப் புருசனின் சேட்டிலிருந்து கழற்றிய இரண்டு பொத்தான். சின்னச் சாக்கு ஒன்றுக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் வரம்பால் ஓடினேன்.

சின்னம்மா உடனே போட்டுவிட்டார். பிள்ளை இரண்டு தரம் உதைத்துப் பார்த்தது. சாக்கு ஆடியது, கழலவில்லை. பிறகு நித்திரையாகிவிட்டது. "அக்கா, வந்து பாருங்கோ, பூசணிக்காய் மாதிரி," என்று சின்னம்மா சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு இரண்டு கிழமை இருக்கும்.

அம்மா வந்து பார்த்தார். முகம் மாறியது.

"கழட்டு."

"ஏனக்கா?"

"காலை மூடிக் கட்டுறது ஆருக்கு? செத்த சவத்துக்குத்தான் ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டுறது. கழட்டெண்டு சொல்லுறன்."

சின்னம்மா கழற்றினார். முதற்பிள்ளையை நினைத்திருப்பார். அம்மா அதைப் புரட்டி அடியைப் பார்த்தார். முடிச்சு எங்கே இருக்கும் என்று பின்னல்காரிக்குத் தெரியாதா? பல்லால் கடித்து நூலைப் பிடித்து இழுத்தார். சர சரவென்று வந்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், பத்து வட்டம். மூன்று நாள் வேலை அம்மாவின் மடியில் நூற்குவியலாகிக்கொண்டிருந்தது. நான் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினேன். பிள்ளையின் முழங்கால் அளவில் நிறுத்தி முடிச்சுப் போட்டார்.

"இப்பதான் சட்டை மாதிரிக் கிடக்கு. உந்த நூலைக் கொண்டுபோய் எறி."

நான் எறியவில்லை. புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

இப்போது பச்சையாகச் சொல்கிறேன். அம்மா சொன்ன காரணம் பொய்யில்லை. அந்தப் பயம் உண்மையான பயம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. முதலில் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். அதை நான் கண்டேன். கூலிக்கு வருகிறவளின் தாய் வேர்வையோடு போட்ட கம்பளி தன் தங்கையின் பிள்ளையின் உடம்பில் கிடப்பதா என்ற எண்ணமும் அந்த இழுப்பில் இருந்தது. அம்மா நல்லவர். எனக்காக உயிரையும் விட்டிருப்பார். அதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் விடிய, சின்னம்மா கூப்பிட்ட சத்தத்தில் எல்லோரும் எழும்பினோம். பிள்ளை பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. வாயில் விரலை வைத்தால் உறிஞ்சவில்லை. அரைச் சட்டைக்குக் கீழே இரண்டு காலும் தவளைக் கால் மாதிரிக் குளிர்ந்து கிடந்தன. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி, கால் மணித்தியாலத்தில் இடுப்பு வரை நனைந்து திரும்பி வந்தார். பாலத்துக்கு மேலால் வெள்ளம். உழவு இயந்திரம் வைத்திருப்பவர் வீட்டுக்குச் சுற்றுவழியால் போகிறேன் என்று மறுபடி ஓடினார். அம்மா பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் கையே குளிர்ந்துபோயிருந்தது.

நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வரம்பால் ஓடினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லி முடிக்க மூச்சு வரவில்லை. அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அந்த ஊசியையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

வீட்டுக்குள் வர அவர் அனுமதி கேட்கவில்லை. ஈரச் சேலையை உதறிவிட்டு, சின்னம்மாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். பிள்ளையின் அரைச் சட்டையைக் கழற்றி, தன்னுடைய சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே அம்மாவின் சேலையைச் சுற்றச் சொன்னார். அம்மா சுற்றினார்.

"காலை எதுக்குங்கம்மா தொறந்தீங்க?"

அம்மா சேலை நுனியை இன்னும் இறுக்கிச் செருகினார்.

"சின்னப் பாப்பா, நீ நூலை எடு. கீழ்ப்பக்கம் போடு. எனக்குக் கை இல்ல," என்று அக்கா எனக்குச் சொன்னார்.

நான் நிலத்தில் குந்தி இருந்து பின்னத் தொடங்கினேன். பின்னற்கண்கள் தவறின. அந்தத் தடித்த ஊசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு வட்டம் போட்டேன், அது கோணிக்கொண்டு போனது. இரண்டாம் வட்டத்தில் அழத் தொடங்கிவிட்டேன். அம்மா என் முன்னால் வந்து நின்றார். முழங்கையில் தட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"உது என்ன பின்னல்? உந்த ஓட்டையாலை காலென்ன, தலையே வெளியாலை வரும். இஞ்சை தா."

அம்மா அந்தப் பற்தூரிகைப் பிடியை வாங்கி, நான் போட்டதைப் பிரித்துவிட்டுப் பின்னத் தொடங்கினார். அந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. றேடியோவுக்கு அப்படிப் பின்னவில்லை. பத்து வட்டத்தையும் போட்டு அடிக்கு வந்தார். அங்கே கை நின்றது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார், சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடியை மடித்தார். ஒவ்வொரு கண்ணாக மூடினார். கடைசிக் கண்ணை மூடாமல் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"ஒண்டு திறந்து கிடக்கட்டும். பிறகு காலைக் கட்டினது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

"அதுல வெரலு வெளிய வருமேங்கம்மா."

"வரட்டும். தொட்டுப் பாக்கலாம்."

பிள்ளை அக்காவின் நெஞ்சுக்குள் ஏறக்குறைய மதியம் வரை கிடந்தது. அவர் அசையவில்லை. கால் விறைத்துப்போய் ஒருபக்கம் சாய்ந்து, சுவரில் தலையை முட்டுக் கொடுத்தபடி இருந்தார். நடுவில் "பொண்ணு, சாப்பிடாம எங்க வீட்டுக்கு வந்து கெடக்குறியே" என்று பிள்ளையோடு கதைத்தார். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு "எங்க வீடு" என்று அவர் சொன்னதை அம்மா திருத்தவில்லை. பிறகு உள்ளேயிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "பசிக்குதாம்," என்றார் அக்கா. சின்னம்மா பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தார். உறிஞ்சியது. உறிஞ்சுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அம்மா குசினிக்குள் போய் அடுப்பை ஊதினார், அடுப்பில் நெருப்பே இல்லை.

அப்பா கேட்டுப் போன உழவு இயந்திரமும் அன்றைக்குப் பாலத்தைக் கடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மிசி அந்தச் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையால் எட்டிப்பார்த்த விரலைத் தொட்டுப் பார்த்தார்.

"கெட்டித்தனமான வேலை. ஆர் பின்னினது?"

"வீட்டிலைதான் பின்னினது," என்றார் அம்மா.

"இல்லை, மலைநாட்டு அக்கா பின்னினது!" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமை கறுத்துக் கிடந்தது. இன்றைக்கும் அந்தக் கிள்ளுக்கு நான் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

அந்தச் சாக்குக்குள்தான் பிள்ளை தையைக் கண்டது. கன்னம் வைத்தது. கடந்து போகிறவர்கள் எல்லோரும் அந்த விரலைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்பா வயலுக்குப் போகும்போது தொடுவார், வந்ததும் தொடுவார். "சுடுது" என்று அறிவிப்பார். லீவில் வந்த சித்தப்பா முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் விரலைத்தான் தொட்டார். சின்னம்மா அவருக்குக் கடிதத்தில் அப்படி எழுதியிருந்தார். அக்கா வேலைக்கு வரும் நாட்களில் வாசலில் நின்றபடி, "வெரலு எப்படிங்கம்மா?" என்று கேட்டுவிட்டு வயலுக்கு இறங்குவார். பிந்திய வருடங்களில் யுத்தத்தில் நாங்கள் ஓடிய ஓட்டங்களில் றேடியோ, அலுமாரி, அம்மாவின் லேஸ் எல்லாம் போயின. அந்தச் சாக்கும் போனது. றேடியோவுக்கு நான் அழவில்லை.

அந்த மாசியில் கதிர் வெட்டு. ஒரு காலை வெயில் ஏறிய நேரம் சின்னம்மா உள்ளேயிருந்து "அக்கா, ஓடி வாங்கோ!" என்று கத்தினார். அம்மா உலையை விட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

பிள்ளை ஏணையில் மல்லாந்து கிடந்தது. பழைய நூல்தானே, உதைத்து உதைத்து அடியைப் பிய்த்துவிட்டது. இரண்டு காலும் முழங்கால் வரை வெளியே. இரண்டும் சிவந்து, தடித்து, காற்றில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தன. நெற்றியில் வேர்வை. சின்னம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பில் ஏறினார். வயல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

"எடி பிள்ளை, இஞ்சை ஓடியா! வந்து பார் உவளின்ரை வேலையை!"

அக்கா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலில் நின்று காலைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார்.

"கையெல்லாம் நெல்லுச் சொணைங்கம்மா. பாப்பாவுக்கு அரிக்கும்."

அம்மா கிணற்றடிக்கு நடந்தார். அக்காவும் பின்னால் போனார். அந்தச் சனங்கள் எங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடுவதில்லை. யாராவது அள்ளி ஊற்ற வேண்டும். அது வழக்கமாக என் வேலை. அன்றைக்கு அம்மாவே அள்ளினார். அக்கா குனிந்து கையை நீட்டினார். ஒரு வாளி ஊற்றினார். சுணை போகவில்லை. இரண்டாம் வாளி அள்ளினார், மூன்றாம் வாளியும் அள்ளினார். முழங்கை வரை, மெதுவாக. அது அந்தக் கைகளுக்குக் கொடுத்த மரியாதையா, வாளியைத் தொடவிடாத பழக்கமா? எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். குனிந்து, இரண்டு பாதத்தையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றப் போனார். பிள்ளை ஓங்கி அவருடைய மூக்கில் உதைத்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உதையடி," என்றார் அம்மா. "இன்னும் ஒண்டு போடு."